எட்டாவது விசில்

"இது நிஜமாகவே நடந்தது" என்று ஆரம்பிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புளுகர்கள். அவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியவன் நான். பேய்க்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், நடந்திருக்கிறது என்று அர்த்தம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் அத்தான் சாட்சி. ஆனால் அவர் பேச்சை நானே நம்பமாட்டேன், அதனால் சாட்சியை விட்டுவிடுவோம்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஐம்பது தாண்டியவர். சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு, அடக்கம் மட்டும் கிடையாது. தோப்புகளை வாங்கி, மரங்களை வெட்டி, தரையை மட்டமாக்கி, மனை போட்டு விற்பதுதான் தொழில். அவருக்குத்தான் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டில் ஏதோ ஒரு மொட்டை மலையில் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து மரம் நடுகிறார்களாம். பத்து நாள் வேலை. கூலி கிடையாது. கடைசியில் சான்றிதழ் தருவார்கள். அதைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினால் மனை இன்னும் நன்றாக விற்கும். இதுதான் அவருடைய பூமிப் பாசம்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், அவர் தனியாப் போனா எங்கேயாவது விழுந்து வைப்பார். நீயும் கூடப் போ. போன மாதிரியே கூட்டிட்டு வந்து என்கிட்ட ஒப்படைச்சிடு."

அக்கா சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. அவளுக்கு இருப்பது இந்த ஒரு மனிதர்தான். ஆக, நான் மரம் நடப் போகவில்லை. அத்தானை உயிரோடு திருப்பிக் கொண்டுவரப் போனேன். அது ஒன்றுதான் என் வேலை.

மலையடிவாரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம். அதுதான் விடுதி. எங்களோடு இன்னும் ஆறு பேர். எல்லாம் தெரிந்த ஒரு பல் டாக்டர். ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. ஒரு புதுமண ஜோடி. இரண்டு கல்லூரிப் பெண்கள். எட்டுப் பேரும் விமானம் ஏறிப் புகை கக்கிக்கொண்டு வந்து, அந்தப் புகையைக் குறைக்கச் செடி நட்டோம். இதைச் சாப்பாட்டு மேஜையில் ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

எங்களை மேய்த்தவர் ஒரு திட்ட அலுவலர். நொடிக்கொரு தரம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். அத்தான் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். அத்தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கடிகாரமும் எங்கள் வண்டி டிரைவரும் பேசியது வேறு பாஷை. நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

வேலை இப்படித்தான். சரிவில் கீழிருந்து மேலே எட்டு வரிசைகள், கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. குழி தோண்ட வேண்டும், கன்றை வைக்க வேண்டும், மண்ணை மிதிக்க வேண்டும், ஆடு மான் கடிக்காமல் இருக்க அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைச் செருக வேண்டும். மேலே போய்விட்டு அதே வரிசையில் கீழே இறங்க வேண்டும். அந்த மலையில் எந்த நேரத்திலும் பனிமூட்டம் இறங்கிவிடும். பக்கத்து வரிசையில் இருப்பவரின் தலைகூடத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, கழுத்தில் ஒரு விசில்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடிகாரம் கீழே நின்று நீளமாக ஒரு விசில் ஊதுவார். இறங்கி வந்தவர்கள் முதல் வரிசையிலிருந்து முறையாக ஆளுக்கு ஒன்று ஊத வேண்டும். எட்டு கேட்டுவிட்டால் எல்லோரும் இறங்கியாச்சு. அதற்குமேல் அவர் தலையைத் திருப்பிப் பார்க்கமாட்டார். சிலர் வண்டி ஏறாமல் குறுக்குப் பாதையில் விடுதிக்கு நடந்து போய்விடுவார்கள் என்பதால், வண்டியில் ஆள் குறைந்தாலும் அவருக்குக் கவலையில்லை. விசில் எட்டு. கணக்கு முடிந்தது. என்ன ஒரு மூளை.

ஏழாவது வரிசை எனக்கு. எட்டாவது, ஓரத்தில் பள்ளமான ஓடையை ஒட்டியது, அத்தானுக்கு. அவர் மஞ்சள் கோட்டைத் தொடவே இல்லை. ஊரிலிருந்து வாங்கி வந்த சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். விசில் கயிறு அதன்மேல் தொங்கினால் போட்டோவில் அசிங்கமாக இருக்கிறதாம்.

"எனக்கும் சேர்த்து நீயே ஊதிடு மாப்ள."

கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்தே பட்டம் வாங்கிய மனிதர். விசிலை என் கையில் திணித்துவிட்டார். தினமும் சாயங்காலம் என்னுடையதை ஒரு தரம் ஊதுவேன், அவருடையதை ஒரு தரம் ஊதுவேன். அவர் பக்கத்தில் நின்று உதட்டைக் குவித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் பேங்க் அதிகாரிக்கு வயிறு சரியில்லை. விடுதியிலேயே படுத்துவிட்டார். அவருடையது மூன்றாவது வரிசை. அன்று சாயங்காலம் விசில் முறை ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... கொஞ்சம் இடைவெளி.

மூன்று.

அப்புறம் வழக்கம்போல எட்டு வரை.

கடிகாரத்துக்கு அன்று காலையில்தான் ஏழு பேர் என்று சொல்லியிருந்தோம். அவர் அதை மறந்துவிட்டு, "எட்டு, சரி" என்று வண்டியில் ஏறினார். சாப்பாட்டு மேஜையில் இதைக் கேட்டேன். யாரும் ஊதவில்லை என்றார்கள். "மலையில் எதிரொலி வரும்" என்றார் பல் டாக்டர். பல் பிடுங்குகிறவருக்கு மலையைப் பற்றி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆறாம் நாள் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது.

நான் வரிசையை முடித்துக் கீழே வந்தபோது ஐந்தாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பக்கத்தில் அத்தானைக் காணோம். கூப்பிட்டேன். பதில் இல்லை. பஞ்சுக்குள் கத்துகிற மாதிரி என் குரல் என் முன்னாலேயே விழுந்தது.

கடிகாரத்தின் நீள விசில் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

நான் ஏழாவதை ஊதினேன்.

அத்தானின் விசில் என் இடது உள்ளங்கையில் இருந்தது. ஊதவில்லை. ஆள் வரட்டும், வந்து அவரே ஊதட்டும் என்று இருந்தேன். அந்த மனிதருக்குப் பதிலாக ஒவ்வொன்றையும் செய்து எனக்கு அலுத்துவிட்டது.

அப்போதுதான்...

பீ... ப்...

மேலேயிருந்து வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்த விசிலை ஊதினால் கொழகொழவென்று ஒரு சத்தம் வருமே, அப்படி.

கையைப் பார்த்தேன். அத்தானின் விசில் அங்கேயேதான் இருந்தது.

"எட்டு. எல்லாரும் இறங்கியாச்சு. வண்டியில ஏறுங்க" என்றது கடிகாரத்தின் குரல்.

ஓடிப் போனேன். வண்டியின் பின்பக்கத்தில் ஆறு பேர் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அத்தான் இன்னும் வரல சார்."

"எட்டு விசில் கேட்டேனே."

"எட்டாவது விசில் இதோ இருக்கு." உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவர் விசிலைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். "குறுக்குப் பாதையில நடந்து போயிருப்பார். இருட்டினா ரோடு தெரியாது, ஏறுங்க."

"அவரா, நடந்தா? மாடி ஏறவே லிஃப்ட் கேக்கற ஆளு சார் அவர்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். புதுப்பெண் கணவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பேங்க் அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர், "எதிரொலிதான்" என்றார். ஆறு பேரும் பூமியையே காப்பாற்ற வந்தவர்கள். ஒருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவர்கள்மேல் வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

டிரைவர்தான் இறங்கினார். டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"வண்டி இங்கேயே நிக்கும். லைட்டை அணைக்க மாட்டேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மேலே விசில் கேட்டா அதை வெச்சு வழி பிடிக்காதீங்க. குழாயைத் தொட்டுத் தொட்டுப் போங்க."

ஏன் என்று கேட்க நேரமில்லை.

எட்டாவது வரிசையில் ஏறினேன். வெள்ளைக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பனிமூட்டத்திலிருந்து எழுந்து வந்தன. ஒரு குழாய்க்குள் தற்செயலாக டார்ச் அடித்தேன். உள்ளே கன்று இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மனைக்கு எல்லைக் கல் நடுகிறவர், பழக்க தோஷத்தில் வெறும் குழாயை மட்டும் நட்டுக்கொண்டே போயிருக்கிறார். குனிந்து குழி தோண்ட யார் சிரமப்படுவது? இந்தப் பிழைப்புக்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

பீ... ப்...

இடது பக்கம் கேட்டது.

"அத்தான்."

பதில் இல்லை.

பீ... ப்...

இப்போது வலது பக்கம். நான் நகரவே இல்லை. அதுதான் இடம் மாறியிருந்தது. டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த குழாயைத் தொட்டேன். அதற்கடுத்ததைத் தொட்டேன். கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. குழாய் வரிசை ஓரிடத்தில் முடிந்தது. அதற்கு மேல் வெறும் சரிவு. பக்கத்தில் ஓடைப் பள்ளம்.

பள்ளத்துக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. அத்தானின் குரல்தான்.

"...கிழக்குப் பாத்த வாசல் மேடம். தண்ணி நல்லா வரும். அட்வான்ஸ் இப்பவே வேணாம், பாத்துட்டுக் குடுங்க..."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆபத்தில் கிடக்கும்போதும் இந்த மனிதர் யாருக்கோ மனை விற்றுக்கொண்டிருக்கிறார்.

டார்ச்சைக் கீழே அடித்தேன். ஆளுயரப் பள்ளத்தில், நடாமல் தூக்கி எறிந்த கன்றுக் கட்டின்மேல் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கால் கோணலாகக் கிடந்தது. கட்டை வீசப் போனவர் கட்டோடு விழுந்திருக்கிறார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பேச்சும் நின்றுவிடும்.

"வந்துட்டியா மாப்ள. மேடம் கூட இருந்தாங்க, அதான் பயமில்ல. அவங்க விசில் ஊதினாங்க. நீங்க வந்துடுவீங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு. தலையை மூடிய முக்காடு. எங்களுக்கு முதுகைக் காட்டி, கீழே அடிவாரத்தைப் பார்த்தபடி.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி என்று நினைத்தேன். இறங்கி, அவர் சர்க்கரைக்காகப் பையில் வைத்திருந்த சாக்லேட்டை அத்தானின் வாயில் திணித்தேன். கையைத் தோளில் போட்டுத் தூக்கினேன்.

தூக்கும்போதுதான் உறைத்தது.

கல்லூரிப் பெண்கள் இருவரும் வண்டியில் இருந்தார்கள்.

வண்டியில் ஆறு பேர். நான் ஒருவன். அத்தான் ஒருவர்.

எட்டு முடிந்துவிட்டது.

பீ... ப்...

கைக்கெட்டும் தூரத்தில்.

குளிருக்கு என் வாயிலிருந்து ஆவி வந்தது. அத்தான் வாயிலிருந்தும் வந்தது. அந்த முக்காட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது.

ஆவி வரவில்லை.

டார்ச்சை அணைத்தேன். அவள் திரும்பினால் பார்க்கக் கூடாது என்று.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. அத்தானை இழுத்தேன். குழாயைத் தொட்டேன். அடுத்த குழாயைத் தொட்டேன்.

பின்னால்... பீ... ப்...

"அந்தம்மா வரலையா மாப்ள?"

"பேசாம வாங்க அத்தான்."

பீ... ப்...

"தனியா விட்டுட்டு வர்றோமே."

"வாங்க."

அதே தூரம். நாங்கள் எவ்வளவு இறங்கினாலும் அதே தூரம்.

குழாய்.

குழாய்.

வெளிச்சம்.

வண்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓடி வந்து அத்தானின் மறு தோளைப் பிடித்தார். இருவருமாக அவரை வண்டிக்குள் ஏற்றினோம். கடிகாரம் வாயைத் திறந்தது. "முக்கால் மணி நேரம் லேட்" என்றது.

அப்போது மலையிலிருந்து மறுபடியும் கேட்டது.

பீ... ப்...

இந்தத் தடவை வண்டியில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். எட்டுப் பேரும் வண்டிக்குள்தான் இருந்தோம். பல் டாக்டரைப் பார்த்தேன். எதிரொலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடிகாரம் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். கேட்டுப் பழகியவர் ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்.

அன்றிரவு காலுக்குக் கட்டுப் போட்ட பிறகு அத்தானிடம் கேட்டேன், அவள் என்ன பேசினாள் என்று.

"ஒண்ணும் பேசல மாப்ள. வாயில விசில் இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் பேசுங்க மேடம்னு எத்தனையோ தரம் சொல்லிப் பாத்தேன். எடுக்கவே இல்ல."

சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். நான் தூங்கவில்லை. விடுதி ஜன்னல் மலையைப் பார்த்து இருந்தது. ஜன்னலை மூடி, இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, விடியும்வரை அத்தானின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே கிளம்பிவிட்டோம். கடிகாரம் மறக்காமல் இரண்டு சான்றிதழ்களையும் கொடுத்தார். எங்கள் சேவையால் மலை பசுமையாகிறது என்று அதில் போட்டிருந்தது. என்னுடையதை அவர் பார்க்கும்போதே நான்காக மடித்து, ஆடிய மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். அத்தான் தன்னுடையதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வெறும் குழாய் நட்டதற்குச் சான்றிதழ். அவருக்குக் கூச்சமும் இல்லை.

விமான நிலையத்துக்கு டிரைவர்தான் கொண்டுவிட்டார். மலை கண்ணுக்கு மறைந்த பிறகு அவரே ஆரம்பித்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். எட்டாவது வரிசை. உங்களை மாதிரி வெளியிலேருந்து வந்த பொண்ணு. அதே ஓடை. கால் முறிஞ்சு போச்சு."

"தேடலையா?"

"குறுக்குப் பாதையில போயிருப்பான்னு சார் சொன்னாரு. மறுநாள் மத்தியானம்தான் தேடினோம். ராத்திரிக் குளிர்லயே போயிட்டா." ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "விசிலைப் பல்லுல கடிச்சுட்டு இருந்தா. எடுக்கப் பாத்தாங்க, முடியல. அப்படியேதான் பெட்டியில வெச்சு அனுப்பினாங்க."

அத்தான் என் கையைப் பிடித்தார். அவருக்குப் பேச்சு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எட்டுப் பேர் போய் ஏழு விசில்தானே கேட்டிருக்கும்? அதைக்கூடவா எண்ணத் தெரியல உங்க சாருக்கு?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏழு இல்ல சார். எட்டுதான் கேட்டுச்சு. கடைசி விசிலு மேலேருந்து வந்துச்சு. அவ எங்களைக் கூப்பிட்டு ஊதினது. அது கேட்டதும் கணக்கு சரியாப் போச்சுன்னு நான் வண்டியை எடுத்தேன்."